விலைவாசி ஒன்று, அளவுகோல் இரண்டு

1893ஆம் ஆண்டு ஆங்கிலேய இந்திய அரசு தன் ஊழியர்களில் ஒரு சாராருக்கு மட்டும் புதிய படி ஒன்றை அறிவித்தது. நாணயமாற்று ஈட்டுப்படி என்று அதைச் சொல்லலாம். வெள்ளியின் வீழ்ச்சிதான் அதற்குக் காரணம். 1870களின் தொடக்கத்தில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியைச் சந்தையில் கொட்டியது. அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி வந்து குவிந்தது. அதனால் வெள்ளி ரூபாயின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 24 பென்ஸ் பெற்ற ரூபாய், 1892-93இல் 15 பென்ஸுக்கும், 1894-95இல் 13 பென்ஸுக்கும் இறங்கிவிட்டது. ரூபாயில் சம்பளம் வாங்கி, இங்கிலாந்தில் இருக்கும் மனைவி மக்களுக்குப் பவுண்டில் பணம் அனுப்பிய ஐரோப்பிய அதிகாரிக்கு இது மெய்யான இழப்பு. அரசு அதை ஈடுகட்ட முன்வந்தது. சம்பளத்தில் பாதியை, ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்ற வரம்புக்குள், ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று கணக்கிட்டுத் தருவதாக ஏற்றுக்கொண்டது. மாதம் 2,000 ரூபாய் வாங்கிய ஓர் அதிகாரிக்கு, சந்தை விலை 15 பென்ஸாக இருந்தால், இதனால் மாதம் 200 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. விலை மேலும் இறங்க இறங்க அந்தத் தொகை ஏறிக்கொண்டே போனது. அவர் உண்மையிலேயே ஊருக்குப் பணம் அனுப்புகிறாரா என்பதை நிபந்தனையாக வைக்கவில்லை.

அப்போது அரசின் கஜானா நிரம்பி வழியவில்லை. ரூபாயின் சரிவால் லண்டனில் பவுண்டில் கட்ட வேண்டிய தொகைகளே அரசை மூச்சுத் திணற வைத்திருந்தன. பற்றாக்குறையைச் சமாளிக்க 1894இல் இறக்குமதிப் பொருள்களுக்கு மீண்டும் 5 விழுக்காடு சுங்க வரி போடப்பட்டது. வரியைக் கட்டியவர்கள் இந்தியர்கள். படியை வாங்கியவர்கள் இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத அலுவலர்கள். 1893இல் தாதாபாய் நௌரோஜி தலைமையில் லாகூரில் கூடிய காங்கிரஸ் இதைக் கண்டித்ததில் வியப்பில்லை. அதே ஆண்டுகளில் ஒரு தாலுகா கச்சேரியில் மாதம் 15, 20 ரூபாய் வாங்கிய குமாஸ்தாவின் நிலை என்ன? 1896-97லும் 1899-1900லும் நாட்டின் பெரும்பகுதியைப் பஞ்சம் உலுக்கியது. அந்தக் குமாஸ்தாவுக்கும் கடைநிலைச் சேவகருக்கும் அரசு வைத்திருந்த ஏற்பாடு தானிய ஈட்டுப்படி. தானிய விலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தாண்டிய காலம் வரைக்கும், மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு ஒரு சிறு தொகை. விலை இறங்கினால் அதுவும் நின்றுவிடும்.

இந்த இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த அரை நூற்றாண்டில் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலனி அரசு ஊழியர்கள் எதற்காகப் போராடினார்கள் என்பது விளங்கும். முதல் படி ஒரு மனிதரின் வாழ்க்கைத் தரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தரப்பட்டது. இரண்டாவது, ஒரு மனிதர் பட்டினியால் வேலைக்கு வர முடியாமல் போய்விடக் கூடாதே என்பதற்காகத் தரப்பட்டது. முன்னதில் சம்பளத்தின் உண்மை மதிப்பு ஓர் உரிமையாக ஏற்கப்பட்டது. பின்னதில் வயிறு மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டது. என் வாதம் இதுதான்: காலனி ஆட்சியில் விலைவாசிப் படி ஒருபோதும் வெறும் கணக்கு விவகாரமாக இருந்ததில்லை. யாருடைய வாழ்க்கைத் தரத்தைக் காப்பது அரசின் கடமை, யாருக்கு உதவுவது அரசின் தயவு என்ற பாகுபாடு அதற்குள் இருந்தது. உள்ளூர் ஊழியரின் படியைச் சம்பளத்துக்கு வெளியே, தற்காலிகம் என்ற முத்திரையோடு நிறுத்திவைத்ததுதான் அந்தப் பாகுபாட்டைக் காத்த கருவி. சுதந்திரம் வந்த பிறகும் அந்தக் கருவி நம் கையில் அப்படியே இருக்கிறது.

ஐரோப்பிய அதிகாரியின் செலவு வேறு, இந்தியக் குமாஸ்தாவின் செலவு வேறு, அதனால் படியும் வேறாகத்தானே இருக்கும் என்று அன்றைக்கே சொன்னார்கள். இந்த மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு நாடுகளில் இரண்டு குடும்பம் நடத்துபவருக்குக் கூடுதல் செலவு உண்டு. அதை ஈடுகட்டாவிட்டால் ஆள் கிடைக்காது என்பதும் ஒரு நிர்வாக நியாயம். 1924இல் லீ ஆணையம் இந்த நியாயத்தின் மேல்தான் தன் பரிந்துரைகளைக் கட்டியது. உயர்பணி ஐரோப்பியர்களுக்குக் கடல்கடந்த பணிக்கான கூடுதல் ஊதியம், பணிக்காலத்தில் அதிகாரிக்கும் அவர் மனைவிக்கும் நான்கு முறை தாயகம் போய்வரக் கப்பல் கட்டணம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிக் கட்டணம் என்று அது விரித்துக்கொண்டே போனது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் இந்த அதிகாரிகளின் நிலை தாழ்ந்துவிட்டது என்பதே அது காட்டிய காரணம். காரணம் சரிதான். ஆனால், அதே விலையேற்றம் தபால்காரரின் வீட்டையும் ரயில்வே கலாசியின் வீட்டையும் தொட்டது. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் எந்த அளவு தாழ்ந்தது, அதை எப்படி மீட்பது என்று கேட்க அதே அக்கறையோடு ஓர் ஆணையம் அமரவில்லை. விலைவாசி பற்றிய தகவல் இல்லை என்றும் அரசு சொல்ல முடியாது. இந்தியாவில் விலைகள் ஏறியதைப் பற்றி கே.எல். தத்தா தலைமையில் விசாரணை நடந்து 1914இலேயே அறிக்கை வந்துவிட்டது. அரசின் கையில் புள்ளிவிவரம் இருந்தது. அதைக் கீழ்நிலை ஊழியரின் சம்பளத்தோடு சேர்த்துப் படிக்கும் விருப்பம் மட்டும் இல்லை. கூடுதல் செலவுக்குக் கூடுதல் படி என்ற வாதம் எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்கா காட்டியது. அங்கே ஒரே வேலையைச் செய்தாலும் ஐரோப்பியர் அல்லாதவருக்கு ஐரோப்பியரின் ஊதியத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்பது விதி. 1947-48இல் ஆராய்ந்த ஹோம்ஸ் ஆணையமும் அந்த விதியை விட்டுவைத்தது. கென்யாவிலும் உகாண்டாவிலும் தலைமுறையாக வாழ்ந்த இந்தியக் குமாஸ்தாக்களும் அந்த ஐந்தில் மூன்றுக்குள்தான் அடங்கினார்கள். 1954இல் லிட்பரி ஆணையம்தான் அதைக் கைவிடச் சொன்னது. செலவில் இருந்த வேறுபாட்டை அளக்கத் தொடங்கி, இனத்தை அளப்பதில் போய் முடிந்த கதை அது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்தப் பாகுபாட்டை மூடி மறைக்க முடியாமல் போயிற்று. போருக்காகப் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பொருள்களுக்கும் சேவைகளுக்கும் உரிய தொகை லண்டனில் பவுண்டில் வரவு வைக்கப்பட்டது. அந்தப் பத்திரங்களைப் பிணையாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை அச்சிட்டது. 1939 ஆகஸ்டில் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் போர் முடியும்போது 1,100 கோடியைத் தாண்டியது. பொருள்கள் படைகளுக்குப் போயின. தாள் நாணயம் மக்களிடம் வந்தது. மொத்த விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. அரிசியும் துணியும் பல இடங்களில் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. 1940இல் ஜி.ஐ.பி. ரயில்வே ஊழியர்களின் பஞ்சப்படிக் கோரிக்கையை ஆராய பி.என். ராவ் தலைமையில் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அந்த மன்றம் கேட்டுக்கொண்ட கேள்வி, பிழைப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு எது, அதற்குக் கீழே இருப்பவர்கள் யார் என்பது. அதன் பிறகு வந்த படிகள் எல்லாம் இந்தச் சட்டகத்துக்குள்ளேயே நின்றன. குறைந்த சம்பளக்காரருக்குக் கொஞ்சம், நடுத்தரச் சம்பளக்காரருக்கு அதைவிடக் குறைந்த விகிதம் என்று படிநிலைகள் வகுக்கப்பட்டன. ரயில்வே தானியக் கடைகளைத் திறந்து, ஊழியர்களுக்கு அடக்க விலைக்கும் குறைவாக அரிசியும் கோதுமையும் விற்றது. அந்தக் கடைகளால் பல்லாயிரம் குடும்பங்கள் உயிர் தரித்தன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், பணமாகத் தர வேண்டியதைத் தானியமாகத் தந்ததில் அரசுக்கு ஒரு வசதியும் இருந்தது. தானியக் கடையை எந்த நாளிலும் மூடலாம். சம்பளத்தில் சேர்த்துவிட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

இங்கேதான் படிக்கு எதிரான மிகப் பழைய வாதம் வருகிறது. விலை ஏறுகிறது என்று படியைக் கூட்டினால், அந்தப் பணம் சந்தைக்கு வந்து விலையை மேலும் ஏற்றும். பிறகு மறுபடியும் படி கேட்பார்கள் என்பது அந்த வாதம். பொருள் தட்டுப்பாடு மிகுந்த காலத்தில் இதில் ஓரளவு உண்மை உண்டு. அரிசி மூட்டைகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்கையில் எல்லார் கையிலும் கூடுதல் காசு கொடுத்தால் மூட்டையின் விலைதான் ஏறும். ஆனால், போர்க்கால இந்தியாவில் பணத்தைப் பெருக்கியவர் யார்? சந்தையில் புதிதாக இறங்கிய 900 கோடிக்கு மேற்பட்ட ரூபாய், குமாஸ்தாக்களின் பஞ்சப்படியிலிருந்து வந்ததன்று. போர்ச் செலவை இந்தியாவின் தலையில் இறக்கிவைத்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. ஊழியரின் படி விலையேற்றத்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடியதே தவிர, அதற்கு முன்னால் ஒருநாளும் நடந்ததில்லை. தானே ஏற்றிய விலைக்கு ஈடு கேட்டவர்களைப் பார்த்து, நீங்கள் கேட்பதால்தான் விலை ஏறுகிறது என்று ஓர் அரசு சொன்னால், அதில் பொருளாதாரப் பாடம் எதுவும் இல்லை. பணவீக்கத்தின் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்ற அரசியல் முடிவு மட்டுமே இருக்கிறது.

இதே வாதம் இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்ட இடம் நைஜீரியா. லாகோஸ் நகரில் 1941 செப்டம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் மைக்கேல் இமுடுவின் தலைமையில் ஆளுநர் மாளிகைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அரசின் ஆப்பிரிக்கத் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கமாகத் திரண்டு விலைவாசிப் படி கேட்டார்கள். ஆளுநர் பெர்னார்ட் போர்டிலன் 1942இல் படியை வழங்கினார். வாழ்க்கைச் செலவு மேலும் ஏறினால் அதை மறுபரிசீலனை செய்வோம் என்ற உறுதிமொழியையும் சேர்த்தே வழங்கினார். இந்த உறுதிமொழிதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அச்சாணி. அந்த ஆண்டிலேயே போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்படி வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்டது. 1943 தொடக்கத்தில் இமுடு வேலையிலிருந்து நீக்கப்பட்டு, லாகோஸிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார். விலைகளோ நிற்கவில்லை. கேப்டன் புல்லன் என்ற அதிகாரியின் பொறுப்பில் காரி எனப்படும் மரவள்ளிக் குருணை உள்ளிட்ட உணவுப் பொருள்களுக்கு அரசு விலை நிர்ணயித்தது, அந்த விலைக்குப் பொருள் கிடைக்கவில்லை, கள்ளச்சந்தை கொழித்தது. இதற்கிடையே ஐரோப்பிய அலுவலர்களுக்குக் குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான படி போன்ற சலுகைகள் கூடின. 1942இன் உறுதிமொழியை நம்பிக் காத்திருந்த ஆப்பிரிக்க ஊழியருக்கு மறுபரிசீலனை வரவில்லை.

1945இல் அவர்கள் கேட்டது படியில் 50 விழுக்காடு உயர்வும், நாளொன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் குறைந்தபட்சக் கூலியும். தட்டுப்பாடான பொருள்களை மக்கள் குறைத்துக்கொண்டாலோ, மாற்றுப் பொருளுக்குப் போனாலோ ஒழியப் படியைக் கூட்டுவதால் பயன் இல்லை என்ற பொருளில் அரசு பதில் சொன்னது. பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் குறைத்துச் சாப்பிடச் சொன்ன பதில் அது. ஜூன் 22 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்வே, தபால் தந்தி, பொதுப்பணி என்று ஏறத்தாழ 30,000 அரசு ஊழியர்கள் இறங்கினார்கள். ஆறு வாரங்கள் அரசு இயந்திரம் முடங்கியது. சட்டப்படி வேலைநிறுத்தமே குற்றம். நம்டி அசிகிவேயின் 'வெஸ்ட் ஆப்பிரிக்கன் பைலட்', 'டெய்லி காமெட்' ஆகிய இரண்டு நாளேடுகளும் தடை செய்யப்பட்டன. ஆனாலும் சங்கம் உடையவில்லை. இறுதியில் டியூடர் டேவிஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்க அரசு இணங்கியது. அந்தக் குழு வாழ்க்கைச் செலவை ஆராய்ந்து படியை 50 விழுக்காடு உயர்த்தச் சொன்னது. ஊழியர்கள் கேட்டதும் அதே 50 விழுக்காடுதான். விலையை ஏற்றிவிடும், பயன் தராது என்று அரசு எதை மறுத்ததோ, அதையே அரசு நியமித்த குழு நியாயம் என்று கண்டது. நான்கு ஆண்டுகளாக ஊழியர்கள் சொன்ன கணக்கு சரியாக இருந்திருக்கிறது. சரியான கணக்கை ஏற்க வைக்க ஒரு பொது வேலைநிறுத்தம் தேவைப்பட்டிருக்கிறது. வாக்குறுதியாக மட்டும் இருக்கும் படிக்கு என்ன மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு காலனி ஆட்சியின் வரலாற்றில் அரிது.

இனி, எனக்கு மிகவும் கனமாகப்படும் மறுப்புக்கு வருகிறேன். அரசு ஊழியர்கள் மக்கள்தொகையில் சிறு பகுதி. மாதம் தவறாமல் ஏதோ ஒரு சம்பளம் அவர்களுக்கு உண்டு. குத்தகை விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் கைவினைஞருக்கும் பஞ்சப்படி தருவார் யார்? 1943இன் வங்காளப் பஞ்சம் இந்தக் கேள்வியை மிகக் கொடூரமாகக் கேட்டது. கல்கத்தாவில் அரசு ஊழியர்களுக்கும் போருக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களுக்கும் மலிவு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. அதே நகரின் தெருக்களில் கிராமத்து விவசாயக் கூலிகள் செத்து விழுந்தார்கள். கூலியின் வாங்கும் சக்தி அரிசி விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனதே அவர்களின் சாவுக்கு முக்கியக் காரணம் என்று அமர்த்தியா சென் பிற்காலத்தில் விளக்கினார். அப்படியென்றால் ஊழியர்களைக் காத்த ஏற்பாடு கிராமத்தாருக்கு எதிரானதா? காக்கப்பட்டவர்களுக்காக அரிசி திரட்டப்பட்ட விதம் கிராமச் சந்தையில் விலையை ஏற்றியது என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், இந்த உண்மையிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு, ஊழியரின் படி தவறு என்பதாகாது. விலை ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்ற கொள்கை, போருக்கு வேண்டியவர்களோடு நிறுத்தப்பட்டதுதான் தவறு. அந்த விவசாயக் கூலியைக் கொன்றது விலையோடு சேர்ந்து ஏறாத கூலி. ஊழியருக்கும் படி இல்லாமல் செய்திருந்தால் கிராமத்தில் ஒரு பிடி அரிசி கூடியிருக்காது. ஊழியருக்கும் மற்றவர்களுக்கும் நலன்கள் எதிரெதிர் என்ற எண்ணத்தை லாகோஸ் சந்தைப் பெண்களும் ஏற்கவில்லை. அரசின் விலைக்கட்டுப்பாட்டை அலிமோட்டு பெலவுராவின் தலைமையில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். விற்பவர்கள் அவர்கள், வாங்குபவர்கள் ஊழியர்கள். இருந்தும் 1945இல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் பக்கம் நின்றார்கள்.

போர் முடிந்ததும் இந்தியாவிலும் இலங்கையிலும் அடக்கிவைத்திருந்தது வெடித்தது. 1946 ஜூலை 11 அன்று தபால் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். ஜூலை 29இல் அவர்களுக்கு ஆதரவாகக் கல்கத்தா முழுவதும் நின்றது. ஆகஸ்டில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அரசு நிர்வாகத்துக்கு வந்திருந்த தென்னிந்திய ரயில்வேயில் வேலைநிறுத்தம் மூண்டது. செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு கொழும்பில் அரசு எழுதுவினைஞர்களும் தொழிலாளர்களும் ஊதிய உயர்வுக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலையை நிறுத்தினார்கள். 1947 ஜூன் 5 அன்று ஊர்வலத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கைத் தொழிற்சங்க இயக்கம் இன்றும் நினைவுகூரும் பெயர் அது. ஆட்சியை ஒப்படைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த அரசுகள், சில ரூபாய் உயர்வு கேட்டவர்கள் மீது துப்பாக்கியைத் திருப்பியது ஏன் என்று யோசிக்க வேண்டும். தொகையை விட, அதைக் கேட்கும் உரிமைதான் அந்த அரசுகளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில் அமைந்ததுதான் இந்தியாவின் முதல் மத்திய ஊதியக் குழு. சென்னையைச் சேர்ந்தவரும் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக இருந்தவருமான சீனிவாச வரதாச்சாரியார் அதன் தலைவர். 1947 மே மாதம் வந்த அதன் அறிக்கை பல வகைகளில் பெரிய முன்னேற்றம். கடைநிலை ஊழியருக்கு அடிப்படை ஊதியம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்று அது வரையறுத்தது. விலைக் குறியீட்டெண்ணோடு படியை இணைக்கவும் செய்தது. தயவாக இருந்தது கணக்காக மாறியது. அதற்காக அந்தக் குழுவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால், 30, 25 என்ற பிரிப்பைக் கவனியுங்கள். போருக்கு முந்தைய நிலையை 100 என்று கொண்டால் விலைக் குறியீட்டெண் 160க்கும் 175க்கும் இடையில் வந்து நிலைபெறும் என்ற எதிர்பார்ப்பில் அடிப்படை ஊதியம் வகுக்கப்பட்டது. அதற்கு மேலிருந்த விலையேற்றம் போர் விட்டுச் சென்ற காய்ச்சல், தணிந்துவிடும் என்று கருதி, அதற்கான ஈடு முழுவதும் படியில் தள்ளப்பட்டது. விலைகள் இறங்கவே இல்லை. தற்காலிகம் என்று நினைத்த 25 ரூபாய், நிலையான 30 ரூபாய்க்குப் பக்கத்திலேயே நிரந்தரமாகக் குடியேறியது. 1952இல் காட்கில் குழு, படியில் பாதியை ஊதியத்தோடு சேர்க்கச் சொன்னபோது இந்த நிலையைத்தான் ஒப்புக்கொண்டது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் விலையோடு படியைப் பிணைக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. சுதந்திர இந்தியாவின் அரசு அவசரச் சட்டம் கொண்டு அதை எதிர்கொண்டது.

எந்தப் பெயரில் தந்தால் என்ன, மொத்தத் தொகை கைக்கு வந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓய்வூதியம், வீட்டு வாடகைப் படி, வருடாந்தர ஊதிய உயர்வு ஆகியவை அடிப்படை ஊதியத்தைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. படி எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அடிப்படை எவ்வளவு காலம் பழையதாகவே நிற்கிறதோ, அந்த அளவுக்கு ஊழியர் இந்த ஒவ்வொன்றிலும் இழக்கிறார். இரண்டாவதாக, ஊதியத்தைக் குறைப்பதென்றால் அரசு யாரிடமாவது பதில் சொல்ல வேண்டும். படியை நிறுத்த ஓர் அலுவலக ஆணை போதும். 2020 ஏப்ரலில் அதுதான் நடந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி, அந்த ஆண்டு ஜனவரி, ஜூலை, அடுத்த ஆண்டு ஜனவரி ஆகிய மூன்று தவணை அகவிலைப்படி உயர்வை மத்திய அரசு நிறுத்திவைத்தது. படி 17 விழுக்காட்டிலேயே நின்றது. இதனால் 34,402 கோடி ரூபாய் மிச்சமானதாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 2021 ஜூலையில் படி 28 விழுக்காடாக உயர்ந்தது. இடைப்பட்ட 18 மாதங்களுக்கான நிலுவை தரப்படவில்லை. தமிழ்நாடு அரசும் நிறுத்திவைத்தது. இங்கே உயர்வு 2022 ஜனவரியில்தான் வந்தது. பெருந்தொற்றில் அரசுக்கு நெருக்கடி இருந்ததை நான் ஐயப்படவில்லை. வேலையே இழந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது வேலையில் இருப்பவர் கொஞ்சம் பொறுக்கலாம் என்பதில் அறமும் உண்டு. ஆனால், பொறுப்பது வேறு, இழப்பது வேறு. தள்ளிவைத்த தொகை கடனாக ஏட்டில் ஏறியிருந்தால் அது பொறுமை. ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டால் அது ஊதியக் குறைப்பு. அதை அந்தப் பெயரில் சொல்லி, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வாக்கெடுப்புக்கு விட்டிருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஊழியர்களுக்குக் கூடுதல் சலுகை அன்று. அகவிலைப்படி விலைக் குறியீட்டெண்ணோடு இணைந்து தானாக மாறும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். நெருக்கடியில் அதை ஒத்திவைக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும். ஆனால் காலவரம்போடு, மக்கள் மன்றத்தின் ஒப்புதலோடு, நிலுவை கடனாகப் பதிவாகும் நிபந்தனையோடு இருக்கட்டும். அதே இணைப்பு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தொகுப்பூதியத்தில் இருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் நீள வேண்டும். விலையேற்றம் அவர்களை விட்டுவிட்டுப் போவதில்லை என்பதை 1943 சொல்லிவிட்டது. இப்படி எழுதுவதற்குத் தடையாகச் சொல்லப்படுவது, நிறுத்திவைக்கப்பட்ட காலத்துக்கான படி உருவாகவே இல்லை, உருவாகாததை யாரும் கேட்க முடியாது என்பது. அரசின் ஆவணமே இதை மறுக்கிறது. 2021 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. அந்த 18 மாதங்களில் ஓய்வுபெற்றவர்களுக்குப் பணிக்கொடையையும் விடுப்புச் சம்பளத்தையும் கணக்கிடும்போது, அவர்கள் ஓய்வுபெற்ற அரையாண்டைப் பொறுத்து, படி 21, 24, 28 விழுக்காடாக இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அந்த ஆணை. ஓய்வுபெற்றவரின் பணிக்கொடைக்கு இருந்த அந்தப் படி, அதே மாதங்களில் வேலை செய்துகொண்டிருந்தவரின் சம்பளத்துக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு அரசு இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.